தாயர் தந்த துறைக்குறிப்பு: லியோ கானரின் 1946-ஆம் ஆண்டுக் கட்டுரை பற்றிய ஒரு திறனாய்வு

அமெரிக்க உளமருத்துவ இதழில் 1946-ஆம் ஆண்டு வெளிவந்த சிறு கட்டுரை ஒன்று ஈண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. எழுதியவர், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை உளமருத்துவப் பிரிவை நடத்திவந்த லியோ கானர். ஆட்டிசம் உடைய குழந்தைகளின் பேச்சில் காணப்படும் தொடர்பிலா மொழியும் உருவக மொழியும் அக்கட்டுரையின் பொருள். சில பக்கங்களே கொண்ட அதனை மருத்துவ உலகம் நோய்க்குறி கூறும் நூலாகவே போற்றி வந்துள்ளது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவினை ஆராயும் நூலாகவும் அதனைப் படித்தல் கூடும். அங்ஙனம் படிக்குங்கால், கானர் கண்டும் கருதாது விட்ட உண்மை ஒன்று புலனாகின்றது. அதனை எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டிசம் என்னும் சொல், ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினடியாகப் பிறந்தது. சுவிட்சர்லாந்து நாட்டு உளமருத்துவர் பிளாய்லர் என்பார், மனச்சிதைவுற்றோர் தம்முள் ஒடுங்கும் இயல்பைக் குறிக்க 1911-ஆம் ஆண்டளவில் அதனை ஆண்டார். கானர் அச்சொல்லைக் கடன்கொண்டு, 11 குழந்தைகளைப் பற்றி 1943-இல் தாம் எழுதிய நெடுங்கட்டுரையில் வேறொரு நிலைக்குப் பெயராக்கினார். அவருள் சிறுவர் 8 பேர். சிறுமியர் 3 பேர். பிளாய்லர் கண்ட நோயாளர் உலகோடு பழகிப் பின்னர் விலகியோர். கானர் கண்ட குழந்தைகளோ தொடக்கத்திலிருந்தே வேறு வகையில் உலகோடு பழகியோர். இவ்வேறுபாட்டைக் கானரே தெளிவுறக் கூறியிருந்தும், கடன்பெற்ற சொல் தன் பழைய நிழலையும் உடன்கொண்டு வந்தது. இன்று ஆட்டிசம் பல படிகளாக விரிந்து கிடக்கும் ஒரு மூளை வளர்ச்சி வேறுபாடாகக் கொள்ளப்படுகின்றது. பிறரோடு உறவாடலிலும் கருத்துப் பரிமாற்றத்திலும் வேறுபாடு, செய்ததையே மீளச் செய்தல், மாறாமையை நாடுதல், ஒலி ஒளி தீண்டல் முதலியவற்றை மிகுத்தோ குறைத்தோ உணர்தல் என்பன அதன் அடையாளங்கள். இவற்றைப் பற்றிய மருத்துவ விளக்கம் நம் எல்லைக்குப் புறம்பானது. சொல்லளவில் நிற்போம்.

கானர் சொல்லில் சுவை கண்டவர். பழைய ஆஸ்திரிய-அங்கேரிப் பேரரசில் 1894-இல் பிறந்து, செருமானிய மொழியிற் பயின்று, 1924-இல் அமெரிக்கா சென்றவர். பற்களைப் பற்றிய நாட்டார் வழக்குகளைத் தொகுத்து 1928-இல் நூல் ஒன்றும் எழுதியிருந்தார். பிற மருத்துவர் ‘பிதற்றல்’ என்று ஒரு சொல்லால் கடந்துசென்ற பேச்சை அவர் நின்று கேட்டமைக்கு இச்சுவையே காரணம் எனலாம்.

அவர் தரும் எடுத்துக்காட்டுகள் சிலவற்றைக் காண்போம். பால் என்னும் சிறுவன், அறையில் ஓடியாடுங்கால் ‘பீட்டர் ஈட்டர்’ என்று திரும்பத் திரும்பக் கூறுகின்றான். அங்கே பீட்டர் என்பார் எவரும் இலர், உண்பாரும் இலர். ஆயின் அவ்வறையில் விளையாட்டு அடுப்பொன்று இருந்தது; அதன்மேல் சிறு வாணலி ஒன்றும் இருந்தது. அவன் கண் அடுப்பின் பக்கமே சென்று மீள்வதைக் கானர் கவனித்தார். ஈற்றில் சிறுவன் அவ்வாணலியைக் கையிலெடுத்துக்கொண்டு அச்சொற்களைக் கூவியபடி ஓடினான். உண்மை தாயின் வாயிலாக விளங்கியது. அவனுக்கு 2 வயதாயிருந்தபோது, அவள் அடுக்களையில் வேலை செய்துகொண்டே பீட்டர் என்பானைப் பற்றிய குழந்தைப் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பொழுது அவள் கையிலிருந்த வாணலி தவறி விழுந்தது. அன்று முதல் வாணலி போன்ற எதனைக் காணினும் அவன் வாயில் வருவன அப்பாட்டின் சொற்களே.

அதே சிறுவன் மற்றொரு நாள், நாயை மேன்மாடத்திலிருந்து எறியாதே என்கின்றான். அங்கு நாயுமில்லை, மாடமுமில்லை. மூன்றாண்டுகட்கு முன்னர் இலண்டன் நகர விடுதி ஒன்றில் அவன் தன் பொம்மை நாயைக் கீழே எறிந்து எறிந்து விளையாடினான். எடுத்துவந்து சலித்த தாய் அவ்வாறு கடிந்தாள். அதன்பின், எப்பொருளையேனும் எறிய மனம் எழும்போதெல்லாம் அவன் அத்தொடரைக் கூறித் தன்னைத் தானே தடுத்துக்கொள்வான். ஈண்டு உற்று நோக்கத் தக்கது ஒன்று உண்டு. அத்தொடர் கிளிப்பேச்சாய் உதிரவில்லை. வேண்டிய இடத்தில், வேண்டிய பயன் கருதி, எதிர்மறை ஏவலாகவே ஆளப்பட்டுள்ளது. பழையது நிகழ்ச்சியே, அதன் பயன் புதிதாய் நிற்கின்றது.

நான்கு வயது நிரம்பாத ஜே என்னும் சிறுவன், தான் கூறியது மெய்யா எனப் பெற்றோர் ஐயுறும்போதெல்லாம் தன்னைப் ‘பிளம்’ எனக் கூறிக்கொள்வான். அவனுக்கு அவ்வகவையிலேயே எழுத்துக் கூட்டாது படிக்க வரும். நாளிதழில் அறைகலன் விற்கும் கடை ஒன்றின் விளம்பரம், பிளம் மெய்யே கூறுவார் எனப் பேரெழுத்துகளில் அறிவித்திருந்தது. தான் மெய் கூறினமையால் தான் பிளம் ஆயினன் அச்சிறுவன். மற்றொருவன், தன் பாட்டியர் இருவருள் ஒருவரை ‘ஐம்பத்தைந்து’ என அழைத்தான்; அது அவ்வம்மையாரின் அகவை. இன்னொருவன், ரொட்டிக் கூடைக்கு ஊர் ரொட்டிக்கடையின் பெயரை இட்டான். பின்னர்க் கரிக்கூடை, குப்பைக்கூடை, தையற்கூடை யாவும் அவனுக்கு அப்பெயரே பெற்றன.

இவற்றை உருவகம் என்கின்றார் கானர். ஒப்புமையால் பெயர் மாறுவது, முழுமையின் பெயர் பகுதிக்கு விரிவது, பகுதியின் பெயர் முழுமைக்குச் சுருங்குவது என மூன்றாக வகுத்து, இவை புலவர் வழக்கிலும் உலக வழக்கிலும் காணப்படுவனவே என்பதையும் மறவாது கூறுகின்றார். இந்நேர்மை பாராட்டுதற்குரியது. எனினும் அவர் இட்ட பெயர் பொருந்துமா? உருவகம் உவமையின் வழிவந்தது. இரு பொருளிடையே ஒப்புமை வேண்டும். வாணலிக்கும் பீட்டருக்கும் யாதோர் ஒப்புமையும் இல்லை. இரண்டும் ஒரு கணத்தில் ஒருங்கு நின்றன, அவ்வளவே. ஒரு பொருளின் பெயர் அதனோடு இயைபுடைய பிறிதொரு பொருளுக்கு ஆகிவருதலை நம் இலக்கணம் ஆகுபெயர் என்னும். பாட்டியை ‘ஐம்பத்தைந்து’ என்றது, நன்னூலார் வகுத்த எண்ணலளவை ஆகுபெயரின் பாற்படும். உரையாசிரியர் எவரும் இதனினும் தூய எடுத்துக்காட்டைத் தேடிப் பெறல் அரிது. ஒப்புமையால் வரும் மாற்றமும் இயைபால் வரும் மாற்றமும் வேறு வேறு ஆற்றல்கள் என்பதை ரோமன் யாக்கப்சன் 1956-இல், பேச்சிழந்தோர் மொழியை ஆராய்ந்து மேனாட்டார்க்கு விளக்கினார். கானர் கட்டுரை அதற்குப் பத்தாண்டு முற்பட்டது. ஆகலின் அவரைக் குறைகூறல் வேண்டா. ஆயினும் இவ்விரண்டனையும் பிரித்துணராமையால், இக்குழந்தைகளின் சொல்லாட்சி கற்பனையின் விளைவு என்னும் மயக்கம் பின்வந்தோர்க்கு எளிதாயிற்று. அவர்களைப் பிறவிக் கவிஞர் எனப் புகழ்வோரும் இம்மயக்கத்திற்கு உட்பட்டவரே. அக்குழந்தைகள் பெயரிடுவது நினைவின் வழியாக.

ஒரு தடை எழலாம். ஆகுபெயர் தொன்முறையால் வருதல் வேண்டும் என்பது நன்னூலார் வகுத்த எல்லை. பாலின் ‘பீட்டர்’ ஒருநாள் நிகழ்ச்சியால் வந்ததன்றோ எனின், அது மெய்யே. பலர் கூடி வழங்கும் மரபு அதற்கில்லை. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றல் போலும் குழூஉக்குறியை இதனோடு ஒருபுடை ஒப்பிடலாம். குழுவிற்குப் புறத்தார்க்கு அது விளங்காது. இங்கு வேறுபாடு, குழு ஒருவரால் ஆயது என்பதே. கானர் கண்ட அருமையான முடிபும் இதுவே: இச்சொற்களின் பொருள் குழந்தையின் தனிப்பட்ட அனுபவத்தில் உள்ளது, அவ்வனுபவத்தை அறிந்தாலன்றிக் கேட்போர்க்குப் பொருள் புலனாகாது. தொடர்பின்மை சொல்லில் இல்லை. நாம் அறியாமையில் உள்ளது.

இனி, இடப்பெயர் மாறாட்டம் என்னும் செய்தி. இக்குழந்தைகள் தம்மை ‘நீ’ எனவும் பிறரை ‘நான்’ எனவும் கூறுதலை 1943-ஆம் ஆண்டுக் கட்டுரை விரிவாகக் காட்டுகின்றது. தன் காலணியைத் தாய் கழற்றவேண்டும் என விரும்பிய டொனால்ட் என்னும் சிறுவன், உன் காலணியைக் கழற்று என்கின்றான். இடறி விழ இருந்து தப்பியபோது, நீ விழவில்லை எனத் தன்னை நோக்கிக் கூறுகின்றான். கேட்ட சொல்லைக் கேட்டவாறே மீளக் கூறுதலின் விளைவு இது எனக் கானர் எளிமையாகவும் செம்மையாகவும் விளக்கினார். இடம் பற்றிய வழக்கு எவர்க்கும் இயல்பாய் வாய்ப்பதன்று என்பதைத் தொல்காப்பியம் கற்றோர் அறிவர். தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கு உரியன, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன எனக் கிளவியாக்கம் விதிக்கின்றது. நிகழ்ச்சி ஒன்றாயினும் பேசுவோன் நிற்கும் இடத்திற்கேற்பச் சொல் வேறாகும். அவ்வேறுபாட்டைக் கற்றே பெறல் வேண்டும். தமிழில் இடப்பெயர் தோன்றாமலே வினையின் ஈறு இடத்தை உணர்த்துமாதலின், ஆங்கிலத்தில் பெயரில் தோன்றும் இம்மாறாட்டம் நம் மொழியில் ஈற்றிலும் வினாவிலும் தங்கும். ‘தூக்கட்டுமா?’ என்று தாய் கேட்டதையே, தன்னைத் தூக்கவேண்டும் என்பதற்குக் குழந்தை கூறுமாயின், ‘நான்’ ‘நீ’ என்பவற்றை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் அதனைக் காணார். இதனை முறையாக ஆராய்தல் நம் மொழியியல் மாணவர் மேற்கொள்ளத் தக்க பணி.

இனி, முதற்கண் கூறிய உண்மைக்கு வருவோம். ‘பீட்டர்’ என்பதன் பொருளைக் கானர்க்கு உரைத்தவர் யார்? தாய். இலண்டன் விடுதி மாடத்தை மூன்றாண்டு கழித்து நினைவுகூர்ந்தவள் அவளே. டொனால்டு ‘ஆம்’ என்றால், தந்தை தன்னைத் தோள்மேல் ஏற்றவேண்டும் என்பது பொருள். ஏனெனில் ‘ஆம்’ என்னும் சொல்லை அவனுக்குக் கற்பிக்கத் தந்தை முதன்முதல் வினவியது தோளேற்றம் பற்றியே. இதனை அறிந்து கூறியோரும் பெற்றோரே. அத்தந்தை 1938-இல் கானர்க்கு எழுதிவிடுத்த மடல் 33 பக்கம் உடையது.

அகப்பாட்டு ஒன்றைத் துறைக்குறிப்பு நீக்கிப் படிப்போமாயின், கூறுவோர் யார், கேட்போர் யார், எப்பொழுது கூறியது என்பன விளங்காமல் இடர்ப்படுவோம். புறப்பாட்டின் அடியில் நிற்கும் குறிப்பு இல்லையேல், எம்மன்னன், எப்போர் என்பதும் அறியோம். அக்குறிப்புகள் பாடினோர் எழுதியவை அல்ல, பின்னர்த் தொகுத்தோர் எழுதியவை என்பர். அவற்றுட் சில பிழையாகவும் இருக்கலாம். ஆயினும் அவையின்றிச் சங்கப் பாடலுள் நுழைவார் இலர். பெற்றோர் கானர்க்கு அளித்தது இத்தகைய துறைக்குறிப்பே. கானர் கட்டுரையிலுள்ள ஒவ்வொரு விளக்கமும் வீட்டாரின் நினைவையும் கூர்த்த நோக்கையும் கடைக்காலாகக் கொண்டது. பிள்ளையின் ஒவ்வொரு சொல்லும் எந்நாளில், எவ்விடத்தில், எந்நிகழ்ச்சியால் வந்தது என அறிந்து வைத்திருந்தோரை அன்பிலார் எனல் யாங்ஙனம் பொருந்தும்?

பொருந்தாதது நிகழ்ந்தது. இக்குழந்தைகள் பிறவியிலேயே இவ்வியல்போடு வந்தோர் எனத் துணிந்த 1943-ஆம் ஆண்டுக் கட்டுரையின் இறுதியிலேயே, உள்ளக் கனிவுடைய பெற்றோர் அவருள் மிகச் சிலர் என்னும் கருத்தும் இடம்பெற்றது. பெற்றோர் எழுதித் தந்த விரிவான நாட்குறிப்புகளும் அறிக்கைகளும் அவர்தம் மிகைப்பற்றுக்குச் சான்றாகக் காட்டப்பட்டன. உரை எழுதியதே உரையாசிரியரின் குற்றமாயிற்று! 1949-இல் வெளிவந்த கட்டுரையில், பனி உருகாத குளிர்ப்பெட்டியில் வைத்துப் பேணப்பட்டவர் இக்குழந்தைகள் என்னும் உருவகம் பிறந்தது. அதுவே ‘குளிர்ப்பெட்டித் தாய்’ என ஊர்தோறும் பரவிற்று.

இரண்டு மொழிகளையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும். சிறுவனின் ‘பீட்டர்’ என்னும் சொல்லுக்குப் பின்னே மெய்யாகவே ஒரு வாணலி விழுந்தது. மருத்துவரின் குளிர்ப்பெட்டிக்குப் பின்னே அத்தகைய நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஆயினும் முன்னது நோயின் குறியாக எண்ணப்பட்டது. பின்னது அறிவியலாக மதிக்கப்பட்டது. சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பள்ளி ஒன்றின் தலைவராயிருந்த புரூனோ பெட்டல்ஹைம், ‘வெற்றுக்கோட்டை’ எனப் பொருள்படும் பெயருடைய தம் நூலை 1967-இல் வெளியிட்டார். நாசிகளின் சிறைமுகாமில் தாமே அடைபட்டிருந்த அவர், அம்முகாமில் நம்பிக்கை இழந்தோர் நிலையை இக்குழந்தைகளின் நிலைக்கு ஒப்பாக்கினார். முகாம் கண்ட துயரம் உண்மையானது. ஆயின் அவ்வொப்புமையில் காவலர் இருக்கையில் அமர்த்தப்பட்டவர் தாயர். ‘நான்’ என்னும் சொல் தோன்றாமையும், குழந்தை தன்னையே மறுத்தலாக அவரால் விளக்கப்பட்டது. பார்ட்டக், ரட்டர் என்னும் இருவர் 1974-இல் வெளியிட்ட ஆய்வு, இக்குழந்தைகள் ‘நான்’ என்பதைத் தனியே ஒதுக்கவில்லை, தொடரில் அது நிற்கும் இடமே மாறாட்டத்திற்குக் காரணம் எனக் காட்டிற்று. கானர் 1943-இல் கூறிய எளிய விளக்கமே நிலைத்தது.

தாயர் மீதுள்ள பழியும் நீங்கியது. ஆனால் காலந்தாழ்த்து நீங்கியது. ஆட்டிசம் உடைய மகனைப் பெற்ற உளவியலார் பெர்னார்டு ரிம்லண்டு 1964-இல் எழுதிய நூல் அப்பழியை மறுத்தது. அதற்கு அணிந்துரை தந்தவர் கானரே. 1969-இல் பெற்றோர் பேரவை ஒன்றில், உங்களைக் குற்றத்தினின்று விடுவிக்கிறேன் என்னும் கருத்துப்பட அவர் பேசினார். விடுவித்தலும் நீதிபதியின் மொழியே என்பதை நினைக்க வேண்டும். 1977-இல் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒருகரு இணைகள் 11-இல் 4 இணைகளில் இருவர்க்குமே ஆட்டிசம் இருந்தது. இருகரு இணைகள் 10-இல் ஒன்றிலும் அங்ஙனம் இல்லை. பிறவிக்கூறு இதில் பெரும்பங்கு உடையது என்பது அதன்பின் மேலும் மேலும் உறுதிப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு அயலது அன்று. தமிழில் இந்நிலைக்கு வழங்கும் பெயர்களைப் பாருங்கள். ‘தன்முனைப்புக் குறைபாடு’ என்பர் சிலர். தன்முனைப்பு என்பது தமிழில் செருக்கிற்கு அண்மையில் நிற்கும் சொல்; குழந்தைக்கு அது சூட்டும் பெயரன்று, சுமத்தும் பழி. அரசு ஆவணங்களிற் காணும் ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்னும் நெடுந்தொடர் வெற்றுக்கோட்டையின் தமிழ்ப் பதிப்பே. வாணலி விழுந்த ஓசையையும், நாளிதழ் விளம்பரத்தின் பேரெழுத்தையும், பாட்டியின் அகவையையும் ஆண்டுகள் கழிந்தும் மறவாத குழந்தைக்குப் புற உலகச் சிந்தனை இல்லை எனின், இருப்போர் யாரெனச் சொல்வது? ‘மதியிறுக்கம்’ என்பதும் உருவகமே. இறுகியது யாதென அதனை ஆக்கியோரே விளக்கல் வேண்டும். திசைச்சொல்லைத் தொல்காப்பியனார் செய்யுட்கும் உரிய சொல்லாக ஏற்றார். ‘ஆட்டிசம்’ எனவே எழுதுதல் தமிழுக்கு இழுக்காகாது. பொய்யுரைக்கும் நற்றமிழினும் அது நன்று. இந்திய நாட்டில் 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுள்ளன. பள்ளியிலும் அலுவலகத்திலும் சான்றிதழிலும் எழுதப்படும் பெயர் ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுதும் உடன்செல்வது.

கானர் கட்டுரைக்கு ஓர் எல்லை உண்டு. அவர் முதலிற் கண்ட 11 குழந்தைகளுள் பேசியோர் 8 பேரே. எஞ்சிய 3 பேர் பேசவில்லை. 1946-ஆம் ஆண்டுக் கட்டுரை பேசுவோரைப் பற்றியது. சொல்லே பிறவாத இடத்தில் ஆகுபெயர் ஆராய்ச்சி என் செய்யும்? கண் சென்ற திசையும், கையிலெடுத்த வாணலியும் கானருக்கே வழிகாட்டின என்பதை மட்டும் ஈண்டு நினைவூட்டுதல் அமையும். மீளக் கூறுதலை வெறும் எதிரொலி என ஒதுக்கிய கொள்கையும் பின்னர்த் தளர்ந்தது. பேரி பிரிசன்ட், ஜூடித் டூக்கன் ஆகியோர் 1981-இல், குழந்தை உடனுக்குடன் மீளக் கூறும் தொடர்கள் விடையாகவும் வேண்டுகோளாகவும் இசைவாகவும் பயன்படுதலை வகைப்படுத்திக் காட்டினர். ஆட்டிசம் உடையவரும் சமூகவியல் அறிஞருமான டேமியன் மில்டன் 2012-இல், விளங்காமை இருபாலும் உள்ளது, ஒருபாற் குறையன்று என நிறுவ முற்பட்டார். குறுந்தொகையை அறியாதவன் முன் குறுந்தொகையைப் பிதற்றல் எனக் கூறுதல் இயலாது என்பது போன்றதே அவர் வாதம்.

டொனால்டின் பிற்கால வாழ்க்கையைக் கூறி முடிக்கலாம். 3 வயதில் நிலையம் ஒன்றில் விடப்பட்டு, ஓராண்டளவில் பெற்றோரால் மீட்டு வரப்பெற்றவர் அவர். கானர் 1971-இல் தம் பழைய 11 குழந்தைகளைத் தேடிக் கண்டு எழுதியபோது, அரசு மனநல விடுதிகளிற் சேர்க்கப்பட்டோர் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. டொனால்டோ வங்கியிற் பணிபுரிந்துகொண்டிருந்தார். கல்லூரிப் படிப்பை 1958-இல் முடித்தவர், கோல்ஃப் ஆடினார், நாடு பல தனியே சுற்றினார். இதழாளர் இருவர் 2010-இல் அவரை உலகிற்கு அறிவித்தனர். மிசிசிப்பி மாநிலத்து ஃபாரஸ்ட் என்னும் தம் சொந்த ஊரிலேயே வாழ்ந்து, 2023-ஆம் ஆண்டு, தம் 89-ஆம் அகவையில் மறைந்தார். தமக்கு அறிமுகமானோர்க்கு அவர் ஒவ்வோர் எண் வைத்திருந்தார். பல்லாண்டு கழித்துக் காணினும் அவ்வெண் அவர் நினைவில் மாறாது நின்றது. எண்ணலளவை ஆகுபெயர் அவ்வூரில் உலக வழக்காயிற்று.